மரங்கொத்தி வெர்லா

சுற்றுலா வண்டிகள் வந்து தங்கும் எங்கள் முகாமில் வண்டியைப் பின்னால் எடுப்பதுதான் இலவச நாடகம். ஸயான் பள்ளத்தாக்கில், ஆற்றோரத்தில், வண்டி வருகிற நேரமானால் மடக்கு நாற்காலியைப் போட்டு பியரும் கையுமாக உட்கார்ந்துவிடுவார்கள். புருஷன் உள்ளே இருந்து கத்துவான், பெண்டாட்டி பின்னால் நின்று கையை ஆட்டுவாள், படுக்கையும் சமையலும் உள்ளேயே வைத்து பஸ் நீளத்துக்கு இருக்கும் வீட்டு வண்டி மரத்துக்கும் பாறைக்கும் நடுவே தடவித் தடவி நுழையும். இடித்தால் கூட்டத்துக்கு இன்னும் கொண்டாட்டம். நான் இந்த முகாமைப் பார்த்துக்கொள்கிறவள். அடுப்புக் குழியில் சாம்பல் அள்ளுவதும் ஆட்டம் போடுகிறவனை அதட்டுவதும் என் வேலை. எத்தனையோ பெண்டாட்டிகளைப் பார்த்திருக்கிறேன். வெர்லா மாதிரி வாங்கிக் கட்டிக்கொண்டவளைப் பார்த்ததில்லை.

பீவர் என்கிற ஊர்ப் பக்கத்துக்காரி. பள்ளிக்கூட சமையலறையில் பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு மசித்துப் போட்டே இடுப்பு போனவள். புருஷன் க்ளாய்ட் சிமென்ட் லாரி ஓட்டியவன். வேலையை விட்டதும் அவளை ஒரு வார்த்தை கேட்காமல் வீட்டை விற்று இந்த வண்டியை வாங்கி வந்து நிறுத்தினான். அழுதாள். அப்புறம் வண்டியின் பின்கோடியில் சின்ன சமையல் மேடைக்கு மேலே இருந்த ஜன்னலைத் திறந்தாள், அதோடு அழுகை நின்றது. இன்றைக்குச் சிவப்பு மலை, நாளைக்கு ஏரி, அடுத்த வாரம் பைன் காடு. "எனக்குன்னு அந்த மனுஷன் குடுத்தது அந்த ஜன்னல் ஒண்ணுதான்" என்பாள்.

க்ளாய்டுக்கு ஒரு சட்டம். பின்னால் நிற்கிறவள் வாயைத் திறக்கக் கூடாது, கையை மட்டும் காட்ட வேண்டும். பொம்பளை கத்திச் சொல்ல வண்டி ஓட்டினான் என்று நாலு பேர் சொன்னால் அவனுக்கு மானம் போய்விடுமாம். அவன் மட்டும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "மரமண்டை, எந்தப் பக்கம்டி காட்டற" என்று மலை எதிரொலிக்கக் கத்துவான். நாற்காலிக்காரர்கள் சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரித்து வைப்பாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்புறம் அவன் கண் கெட்டது. ஒரு கண்ணில் நடுப்பாகம் முழுக்க மங்கல், மற்றதிலும் தொடங்கிவிட்டது. அவனுக்கும் அவளுக்கும் தெரியும். துணி துவைக்கிற இடத்தில் என்னிடம் சொல்லி அழுததால் எனக்கும் தெரியும். மகன் டெரில் காதுக்கு மட்டும் போகக் கூடாது. "அப்பாவுக்குக் கண்ணு போச்சுன்னு தெரிஞ்ச அன்னைக்கே சாவியப் புடுங்கிடுவேன், ரெண்டு பேரும் எங்க வீட்டு நிலவறையில வந்து கிடங்க" என்று அவன் எப்போதோ சொல்லிவிட்டான். சாவி போனால் வெர்லாவின் ஜன்னலும் போயிற்று.

அதனால் அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். வண்டியின் பின்பக்கத் தகட்டோடு ஒட்டி நடந்துகொண்டே கல்யாண மோதிரத்தால் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் வா. இரண்டு தட்டு என்றால் நில். உள்ளே அவன் காதில் விழும். கைகளை ஊருக்காக ஆட்டுவாள், மோதிரத்தை அவனுக்காகத் தட்டுவாள். நன்றி என்று ஒரு சொல் அவன் வாயிலிருந்து வந்ததாக நான் கேட்டதில்லை.

இந்த மே மாதம் டெரிலும் அவன் பெண்டாட்டி ஷானாவும் கூடவே வந்தார்கள். குடும்பமாய் விடுமுறை என்று பேர். டெரில் அப்பாவை வேவு பார்க்க வந்தவன் என்பது அவன் கண்ணிலேயே தெரிந்தது. காலையில் கழிவுத் தொட்டியைக் காலி செய்யப் போக வண்டியை வெளியே எடுத்தார்கள், வெர்லா தட்டினாள். ஷானா பிடித்துக்கொண்டாள்.

"என்ன அத்தை, மரங்கொத்தி மாதிரி கொத்திக்கிட்டே வரீங்க?"

டெரில் சிரித்தான். பக்கத்து வண்டிக்காரர்கள் சிரித்தார்கள். டெரில் சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஏம்ப்பா, அம்மா ஏன் தட்டறாங்க?" என்று கேட்டான்.

க்ளாய்டுக்கு முகம் வெளுத்தது. தப்பிக்க அவனுக்குத் தெரிந்தது ஒரே வழிதான்.

"அவளுக்கு மண்டை கழண்டு போச்சுடா. கொஞ்ச நாளா இப்படித்தான். என் வண்டிப் பெயின்ட்டெல்லாம் கீறல். ஏய், இனிமே கைய வச்சேன்னா மோதிரத்தோட விரலையும் ஒடிச்சிருவேன்."

ஷானா ஒரு பிளாஸ்டிக் கரண்டியால் மேசையைக் கொத்திக் காட்டினாள். க்ளாய்ட் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தான். வெர்லா இந்தத் தடவை சிரிக்கவில்லை. மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

மத்தியானம் வண்டி திரும்பி வந்தது. நாற்காலிகள் தயார். நான் பக்கத்துக் குழியில் சாம்பல் அள்ளிக்கொண்டிருந்தேன். வெர்லா வண்டிக்குப் பின்னால், அவன் பக்கக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி, சட்டப்படி நின்றாள். வா என்று கை காட்டினாள். வண்டி வந்தது. பாறை கிட்டே வந்ததும் நில் என்று இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினாள். வண்டி நிற்கவில்லை. உதட்டை இறுக மூடிக்கொண்டு, தூக்கிய கைகளோடு ஒதுங்கி நின்றாள். தட்டு விழும் என்று அவன் காத்திருந்திருப்பான் பாவி. தகடு மடங்குகிற சத்தம் வந்தது, சமையல் மேடை ஜன்னல் சுக்குநூறாகி மணலில் கொட்டியது.

க்ளாய்ட் இறங்கி ஓடிவந்தான். "கை காட்டினியாடி மரமண்டை?"

வெர்லா தூக்கிய கையை இறக்கவில்லை. பியர் வைத்திருந்த ஒருவன்தான், "ரெண்டு கையும் மேலதான் இருந்துச்சு பெருசு, நாங்க எல்லாரும் பாத்தோம்" என்றான்.

டெரில் அப்பாவை இழுத்துப்போய் ஓட்டுகிற இருக்கையில் உட்கார வைத்தான். "கண்ணாடியில பாருங்க. அம்மா எத்தனை விரல் காட்டறாங்க?"

"இதென்ன, பள்ளிக்கூடமா?"

"சொல்லுங்க."

"ரெண்டு."

வெர்லாவின் பத்து விரல்களும் அப்போதும் மேலேதான் இருந்தன. டெரில் கையை நீட்டினான், க்ளாய்ட் சாவியை அதில் வைத்தான். நாற்காலியில் ஒருத்தரும் சிரிக்கவில்லை.

"தட்டியிருக்கலாமேடி" என்றான் க்ளாய்ட், அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில்.

"நீதானே தட்டாதேன்னே."

அவ்வளவுதான். அவன் மானத்தை வாங்கிவிட்டாள், அதற்குத் தன் ஜன்னலையே விலையாகக் கொடுத்தாள். நல்லா வேணும் அவனுக்கு என்று எனக்கு வாய் வரை வந்தது. கண்ணாடித் துண்டுகளை அவள் ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டதைப் பார்த்ததும் அதைச் சொல்லாமல் மறுபடி சாம்பல் அள்ளப் போனேன்.

மறுநாள் காலையில் உடைந்த வண்டியை இழுவை லாரி கொண்டுபோனது. டெரில் தன் காரின் பின் இருக்கையில் இருவரையும் ஏற்றினான். நிலவறையில் பழைய சலவை இயந்திரத்தை நகர்த்தினால் ஒரு கட்டில் போடலாம் என்று ஷானா முன்னால் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். வழியனுப்ப நான் முகாம் வாசல் பக்கம் போய் நின்றேன். கார் மெதுவாக என்னைத் தாண்டியது.

வெர்லா மலையைப் பார்த்தாள். சட்டைப் பையிலிருந்து மோதிரத்தை எடுத்து, கார்க் கண்ணாடியில் இரண்டு தடவை தட்டினாள்.

"அத்தை, கண்ணாடியக் கொத்தாதீங்க, கீறல் விழும்" என்றாள் ஷானா.

க்ளாய்டுக்கு மட்டும்தான் புரிந்தது. முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். "நிறுத்துடா. அவ நிறுத்தச் சொல்றா."

"வாய மூடிக்கிட்டு உக்காருங்கப்பா" என்றான் டெரில், காரை நிறுத்தாமல்.