கொண்டையக்காவின் காதோரம்

கொண்டையக்கா கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவாள். மேசைமேல் கிடக்கும் கூந்தல் கற்றையை எடுத்து, வேர்ப்பக்கத்தை இடது கையில் பிடித்து, வலது கையின் இரண்டு விரல்களுக்கு நடுவே நுனிவரை வழியவிடுவாள். ஓரிடத்தில் விரல் தயங்கும். "இது குளிச்ச ஈரத்தோட சீப்பு போட்டு இழுத்த முடி" என்பாள். இன்னொரு கற்றையில் நுனி துடைப்பக்குச்சியாய்ப் பிளந்திருக்கும். "இவ முடிய நேராக்கற சூட்டுக்கம்பி இல்லாம வாசப்படி தாண்ட மாட்டா." எதிர்மேசையில் வலைத்துணியில் ஒவ்வொரு முடியாக முடிச்சுப் போடுபவள், அவளை எல்லாரும் முடிச்சு என்றே கூப்பிட்டார்கள், சிரித்துக்கொண்டே கேட்பாள்: "பொண்ணு பார்க்கப் போன மாதிரி சொல்றியே, அவளுக்குக் கல்யாணம் ஆயிடுச்சான்னும் சொல்லிடேன்."

அது விக் செய்யும் பட்டறை. நோயில் முடி இழந்தவர்கள், மேடையில் நடிப்பவர்கள், வழுக்கையை மறைக்க நினைப்பவர்கள் என்று முகம் தெரியாத எத்தனையோ தலைகளுக்கு அங்கிருந்து முடி போயிற்று. வந்த கற்றைகளைத் தரம் பிரிப்பது கொண்டையக்காவின் வேலை. வரிசை வரிசையாக ஆணி அடித்த பலகையில் முடியை இழுத்துச் சீவினால் பலவீனமானதெல்லாம் ஆணிகளுக்குள் தங்கிவிடும். நல்லது கையோடு வரும். மேல்மாடியில் கழுவிய கூந்தல்கள் கயிறுகளில் வரிசையாகத் தொங்கின. ஜன்னலைத் திறந்தால் அத்தனையும் ஒரே பக்கமாய் அசையும். காலை வெயில் அதற்குள் புகுந்து கருப்பைச் செம்பழுப்பாக்கி விளையாடும். சாப்பாட்டு நேரத்தில் அவள் அங்கே போய் உட்கார்ந்துகொள்வாள். இந்தக் கூந்தல்காரி இப்போது எங்கே இருப்பாள், குட்டை முடியோடு எந்தக் கண்ணாடி முன் நின்று கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள் என்று யோசித்தபடியே கண் சொக்கிவிடும்.

பட்டறைக்கு வந்த முதல் வாரம், தளர்வாகப் பின்னியிருந்த அவளுடைய சொந்த முடி நாலைந்து உதிர்ந்து ஒரு கற்றையோடு கலந்துவிட்டது. மேற்பார்வையாளர் எல்லார் முன்னாலும், "உன் தலையை வீட்டுல வெச்சுட்டு வா" என்று சொல்லிவிட்டார். சுருக்கென்று தைத்தது. மறுநாளே மூன்று ரப்பர் பேண்டு, பதினோரு கொண்டை ஊசி. காலையில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் விட்டுத் தலைக்குக் குளித்து, துண்டால் பரபரவென்று துவட்டி, ஈரம் சொட்டச் சொட்ட உச்சியில் இழுத்துக் கட்டினால் சாயங்காலம்வரை ஒரு முடி வெளியே வராது. அதற்கு மேல் ஒரு தொப்பி. அப்படியே பத்தொன்பது வருடம். வீட்டுக்கு வந்து அவிழ்க்கும்போது தலை விண்ணென்று தெறிக்கும். பொடி முடியைப் பார்த்துப் பார்த்துக் கண்தான் கெட்டு இப்படி வலிக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

வீட்டில் அவள் பேச்சை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. கல்லூரியில் படிக்கும் மகள் தினமும் கண்ணாடி முன் நின்று சூட்டுக்கம்பியால் முடியை நேராக்கினாள். ஈரம் காயாத முடியில் கம்பி பட்டுச் சுர்ரென்று ஆவி கிளம்பும்.

"அது ஆவி இல்லடி, உன் முடி வேகுது. உள்ள இருக்கற ஈரம் கொதிச்சு முடியையே வெடிக்க வைக்கும். நான் தினமும் பார்க்கறேன்."

"அம்மா, நீ செத்த முடியப் பார்க்கற. இது உயிரோட இருக்கு."

"ரெண்டும் ஒண்ணுதான். தலைக்கு வெளிய வந்த முடி எல்லாமே செத்ததுதான். கெட்டா தானா ஆறாது."

பேருந்து ஓட்டும் கணவர் தம் வழுக்கையைத் தடவிக்கொண்டு, "நம்மளுக்கு இந்தப் பஞ்சாயத்தே இல்ல" என்று செருப்பை மாட்டிக்கொண்டு நழுவிவிடுவார்.

பாட்டு டீச்சர் ஒருவர் பட்டறைக்கு வந்தது மழை ஓய்ந்து வெளுத்த ஒரு காலையில். தலையில் பஞ்சுத் துணி சுற்றியிருந்தார். கையில் ஒரு தலையணை உறை. அதற்குள்ளிருந்து முழங்கை நீளத்துக்கு ஒரு பின்னலை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இது என்னோடதுதான். மருந்து ஏத்தறதுக்கு முன்னாடியே வெட்டி வெச்சுக்கிட்டேன். இதையே எனக்கு விக்கா செஞ்சு தர முடியுமா?"

சொந்த முடியே சொந்தக்காரரோடு வந்து நிற்பது கொண்டையக்காவுக்குப் புதிது. இத்தனை வருடமாக அவள் கற்பனையில் நடமாடிய பெண்களில் ஒருத்தி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தது போல இருந்தது. பின்னலை அவிழ்த்து விரல்களுக்குள் வழியவிட்டாள். பாதி தூரத்தில் விரல் நின்றது. இழை இழையாக அதே உயரத்தில் ஒரு நசுங்கல்.

"டீச்சர், இந்த இடத்துல தினமும் ரப்பர் பேண்டு போட்டீங்களா?"

டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "பாட்டு வகுப்புல பின்னலை மடிச்சு அங்கதான் கட்டுவேன். ஆர்மோனியத்துல மாட்டிக்கும். என் முடியே என்னைக் காட்டிக் கொடுத்துடுச்சா!"

ஆணிப்பலகையில் சீவியபோது மூன்றில் ஒரு பங்கு ஆணிகளுக்குள்ளேயே நின்றுவிட்டது. கையில் மிஞ்சியது நீளமாகச் செய்யப் போதாது. வேறு கற்றையிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கலந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் சொந்த முடி என்று நம்பி வந்தவரை எப்படி ஏமாற்றுவது? பலகையை அப்படியே திருப்பிக் காட்டினாள்.

டீச்சர் ஆணிகளுக்குள் சிக்கியிருந்த துண்டு முடிகளை ஒரு விரலால் தொட்டார். "இருக்கறத வெச்சுக் குட்டையா செய்ங்க. காது தெரியற மாதிரி. சின்ன வயசுல அப்படித்தான் இருந்தேன்."

தலை அளவு எடுக்க வேண்டும். கொண்டையக்கா நாடாவை எடுத்துக்கொண்டு டீச்சருக்கு முன்னால் குனிந்தாள். புழுக்கமாக இருந்ததால் தொப்பியைக் கழற்றி வைத்திருந்தாள். டீச்சரின் கண்கள் அவள் காதோரத்திலேயே நின்றன.

"உங்களுக்கும் ஏதாவது மருந்து ஏத்தறாங்களா?"

"எனக்கா? எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்."

"காதுக்கு மேல முடியே இல்லையே, அதான் கேட்டேன். கொண்டையைச் சுத்தித் தோல் இழுபட்டுச் சின்னச் சின்னக் கொப்புளமா இருக்கு. வலிக்கலையா?"

கொண்டையக்கா அளவைக் குறித்துக் கொடுத்துவிட்டு, மேல்மாடிக்கு எப்படி ஏறினாள் என்றே தெரியாது. வாடிக்கையாளர்களுக்கென்று அங்கே எதிரெதிராக இரண்டு கண்ணாடிகள் உண்டு. துடைத்து வைத்திருக்கிறாளே தவிர அவற்றின் நடுவே அவள் நின்றதில்லை. நின்றாள். இரண்டு காதுக்கு மேலும் மூன்று விரல் அகலத்துக்கு வெற்றுத் தோல். முன்நெற்றி எங்கே முடிகிறது, தலை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. கண்ணாடிக்குள் கண்ணாடியாக எத்தனையோ கொண்டையக்காக்கள் வரிசையில் நின்றார்கள். ஒருத்திகூட இதை அவளுக்குச் சொல்லவில்லை.

ஊசிகளை ஒவ்வொன்றாக உருவினாள். ரப்பர் பேண்டு ஒரு கொத்து முடியைப் பிடுங்கிக்கொண்டுதான் வந்தது. முடி தோளில் விழுந்தபோது, வேர்கள் பழைய பக்கம் திரும்ப முடியாமல் வலித்தன. சுற்றிலும் யார் யாருடையவோ கூந்தல்கள் காற்றில் அசைந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே தானும் ஒரு கயிற்றில் தொங்குவது போல அவள் கண்ணை மூடி நின்றாள். யாராவது தன் முடியை விரல்களுக்குள் வழியவிட்டால் என்ன சொல்வார்கள்? 'பயந்தவள்' என்றுதான் சொல்வார்கள் என்று தோன்றியது. பத்தொன்பது வருடத்துக்கு முன்பு மேற்பார்வையாளர் சொன்ன ஒரு வார்த்தைக்கு இன்னும் பயந்துகொண்டிருப்பவள்.

தோல் டாக்டர் பெரிய கண்ணாடி வில்லையை வைத்துப் பார்த்துவிட்டு ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: "இழுத்து இழுத்துக் கட்டினதால வந்தது. இப்பவாவது விட்டீங்களே. முடி முளைக்கற துளைகள் தெரியற இடத்துல மறுபடி வளர வாய்ப்பிருக்கு. வழவழன்னு ஆயிட்ட இடத்துல இனிமே வராது."

விஷயத்தை வீட்டில் சொன்னதும் மகள் கெக்கலி கொட்டிச் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தாள். அவள் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து அம்மாவின் காதோரத்தை விரலால் தடவினாள்.

"நான் நிறைய நாள் பார்த்திருக்கேம்மா. சொன்னா உனக்குக் கஷ்டமா இருக்குமேன்னு விட்டுட்டேன்."

"நான் மட்டும் உன்கிட்ட வாய் ஓயாம சொல்றேனே."

"அதான். நீ சொல்றது எனக்கு எரிச்சலா இருக்கும். அதே எரிச்சல் உனக்கும் வேண்டாம்னுதான்."

இரண்டு பேரும் ஒரு உடன்படிக்கைக்கு வந்தார்கள். மகள் வாரத்தில் ஒரே நாள், அதுவும் முடி முழுக்கக் காய்ந்த பிறகு, சூட்டைக் குறைத்து வைத்துக் கம்பியைத் தொடுவாள். அம்மா காலையில் தலைக்குக் குளிப்பதை விட்டுவிட வேண்டும். வேலை முடிந்து வந்த சாயங்காலம் வெதுவெதுப்பான தண்ணீரில் குளிக்கத் தொடங்கினாள். துவட்டுவதற்குப் பதில் கணவருடைய பழைய பனியனில் ஒற்றி எடுத்தாள். பாதி காய்ந்ததும் அகலப் பல் சீப்பால் நுனியில் சிக்கெடுத்து, மெல்ல மெல்ல மேலே போனாள். பனியன் காணாமல் போன விவரம் தெரிந்த கணவர், "என் தலைக்குத்தான் ஒண்ணும் மிச்சமில்ல, என் துணியாவது ஒரு தலைக்கு உதவட்டும்" என்று தாராளமாக விட்டுக்கொடுத்தார்.

பட்டறையில்தான் பெரிய சோதனை. தளர்வாகப் பின்னிப் பிடரியில் சுருட்டி வைத்துக்கொண்டு போன முதல் நாள், ஏதோ துணி உடுத்தாமல் வந்துவிட்டது போல உடம்பு கூசியது. மகள் பழைய பட்டுத் துணியை உள்ளே வைத்துத் தைத்த அகலமான தொப்பி பின்னலை முழுக்க மூடிக்கொண்டது. துணி வழவழப்பாக இருந்ததால் முடியும் உரசவில்லை. மேற்பார்வையாளர் மேசையருகே வந்து நின்றார்.

"உள்ள தளர்வாத்தான் கட்டியிருக்கேன். இனிமே இழுத்துக் கட்ட மாட்டேன். ஒரு முடி கலந்தாலும் கூப்பிட்டுக் கேளுங்க" என்று அவளே முந்திக்கொண்டாள்.

அவர் விழித்தார். "எதுக்கு இப்படிச் சொல்ற? நான் என்னைக்குக் கேட்டேன்?"

அவருக்கு அது ஞாபகமே இல்லை. கொண்டையக்காவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. முடிச்சு மட்டும் குனிந்து, வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

மூன்று வாரத்தில் தலைவலி நின்றது. கண் கெட்டிருந்தால் இப்படி நிற்குமா என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள். டீச்சரின் விக் அதற்குள் தயாராகியிருந்தது. காது தெரிகிற குட்டை முடி. டீச்சர் அதை வைத்துக்கொண்டு தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தார். பிறகு, யாரும் எதிர்பார்க்காத நேரத்தில், தாழ்ந்த குரலில் ஒரு சுரவரிசையைப் பாடினார். சொந்த முடியின் எடை இருந்தால்தான் குரல் வரும் என்பது போல. பட்டறையில் ஊசிகள் நின்றன.

ஐந்தாம் மாதம் கொண்டையக்காவின் வலது காதுக்கு மேல் குழந்தை முடி போல மெல்லிசாக ஏதோ முளைத்தது. இடது பக்கம் முளைக்கவில்லை. வகிட்டை மாற்றி எடுத்து, அந்தப் பக்கமாகக் கொஞ்சம் முடியைச் சாய்த்துவிட்டாள். சில நாள் அதுவும் மறந்துபோகும். காற்றில் விலகி வெற்றிடம் தெரியும். தெரிந்தால் தெரியட்டும் என்று விட்டுவிட்டாள்.

விடுமுறை நாளில் அம்மாவும் மகளும் குளித்துவிட்டுப் பால்கனியில் தலை காயக் காத்திருப்பார்கள். முடி தானாகக் காய முக்கால் மணி நேரமாவது ஆகும் என்பது அவளுக்கு இத்தனை வயதில்தான் தெரிந்தது. கீழே தெருவில் யாரோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனார்கள். மேகம் ஒன்று எதிர்வீட்டு மாடித் தொட்டிமேல் நகராமல் நின்றது. பேச ஒன்றுமில்லாமல், எழுந்து போகவும் மனமில்லாமல், மகள் தன் ஈர நுனிகளை அம்மாவின் மடியில் பரப்பிவிட்டுத் தூங்கிப் போனாள். கொண்டையக்கா அந்த நுனிகளை எடுத்து விரல்களுக்குள் வழியவிடவில்லை. என்ன இருக்கிறது என்று பார்க்கவும் இல்லை. காயட்டும் என்று அப்படியே உட்கார்ந்திருந்தாள்.