நீலாவதி வாங்கிய பலகை வீடு

மலாயாவில், கோலப்பிலா பட்டணத்தோரம், தூங்குமூஞ்சி மரங்கள் கவிந்த சாலையில் டோரினம்மாவின் வீடு இருந்தது. வாத்தியாராக இருந்த கணவர் ஆம்புரோஸ் கட்டியது. சின்னப் பலகை வீடு. சிவப்பு ஓடு, பச்சை ஜன்னல்கள், வாசலில் மங்குஸ்தான் மரம். ஜப்பான்காரன் வந்த மறுவருஷம் வாத்தியார் காலமானார். மலாக்காவில் மகளோடு இருந்துவிடலாம் என்று டோரினம்மா வீட்டை விற்க நினைத்தாள்.

பஞ்சாலைக்கு அந்த வீட்டின்மேல் வெகுநாளாக ஒரு கண். ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரி ஆயா அவள். மருந்து தீர்ந்துபோன காலத்தில், உப்புநீர் கொதிக்கவைத்து டோரினம்மாவின் கால் புண்ணைக் கழுவிக் கட்ட வாரம் தவறாமல் போவாள். கூலி, முட்டையும் கீரையும். கட்டுப்போட்டு முடித்ததும் ஜன்னலோரம் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் கிளம்புவாள். தோட்டத்துக் கூலிகளின் வரிசை வீடான லயத்தில் அவள் அறைக்கு ஒரே ஜன்னல். திறந்தால் எதிரே கக்கூஸ்.

வீடு விலைக்கு வருவதைக் குழாயடியில் வாய்விட்டுச் சொன்னவளும் அவளேதான். கேட்டுக்கொண்டிருந்தவள் அவளுடைய ஓரகத்தி நீலாவதி. நீலாவதியின் புருஷன் வீரமுத்து அரிசியும் உப்பும் கள்ளத்தனமாக விற்றுச் செழித்திருந்தான். பஞ்சாலையின் புருஷனை ஜப்பான்காரர்கள் சயாம் ரயில்பாதை வேலைக்குப் பிடித்துப் போயிருந்தார்கள்.

“ஏக்கா, அந்தம்மா ஜப்பான் நோட்டு வாங்குமா?”

“அதை வாங்கி அடுப்பு பத்த வைக்கவா? அரிசியும் துணியும் கேக்குது.”

“அதுதான் நம்மகிட்ட இருக்குலா!”

அந்த ‘நம்ம’வில் பஞ்சாலை இல்லை.

வீடு பார்க்க வந்த நீலாவதி ஒவ்வொரு ஜன்னலையும் திறந்து திறந்து மூடினாள். “அக்காவுக்கு இந்தக் காத்து புடிக்கும்போல. நான் வந்தப்புறமும் அப்பப்ப வாங்கக்கா” என்றாள். பஞ்சாலை கட்டுத்துணியை வெடுக்கென்று சுருட்டினாள்.

நீலாவதி போனதும் டோரினம்மா சொன்னாள்: “பஞ்சாலை, உன் ஓரகத்திகிட்ட வெளக்கமா சொல்லிடு. மண்ணு பக்கத்து வீட்டு ரொக்கியாவோடது. தாய்வழி நிலம், வெளியாளுக்குக் குடுக்கமாட்டாங்க. வாத்தியாருக்காக எங்களை இருக்க விட்டாங்க. நான் விக்கிறது வீட்டை மட்டுந்தான்.”

“சொல்லிடறேம்மா.”

சொல்லவில்லை. லயத்தில் பிறந்தவர்களுக்கு வீடு என்பது துரை கொடுப்பது, வேலை உள்ளவரை குடியிருப்பது. அடியில் உள்ள மண் யாருடையது என்று அங்கே எவரும் கேட்டதில்லை. நீலாவதியும் கேட்கமாட்டாள். அரிசி கைமாறட்டும், குடிபுகும் அன்று ரொக்கியா வந்து நிற்கட்டும், அப்போது அவள் முகத்தைப் பார்க்கவேண்டும் என்று பஞ்சாலை காத்திருந்தாள். அந்த வாரம் வெறும் மரவள்ளிக்கிழங்குகூட அவளுக்கு ருசித்தது.

அரிசி கைமாறியது. டோரினம்மா மலாக்காவுக்கு லாரி ஏறினாள். நீலாவதி விளக்கும் பானையுமாகப் படியேறிய அன்று ரொக்கியா வந்தாள். மலாயில், மரியாதையாகத்தான் சொன்னாள்: நிலம் தன் தாய்வழிச் சொத்து, தரமுடியாது.

நீலாவதி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பஞ்சாலை நோயாளிகளின் வீட்டாருக்குக் காட்டும் முகத்தை மாட்டிக்கொண்டு அவள் தோளைத் தொட்டாள். மனசு குளுகுளுவென்றிருந்தது.

ரொக்கியா இன்னும் முடிக்கவில்லை. வீடு உன்னுடையது, பிரித்து எடுத்துக்கொண்டு போ, எங்கள் ஆட்கள் அப்படித்தான் வீட்டை இடம் மாற்றுவார்கள், என் தம்பி தச்சன் என்றாள்.

நீலாவதி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “வீட்டையே தூக்கிட்டுப் போலாமாக்கா! கேட்டீங்களா?”

மாட்டுவண்டிகளில் பலகைகள் தோட்டத்துக்கு வந்தன. ஓடுகள் வைக்கோலில் சுற்றி வந்தன. துரை இல்லாத தோட்டத்தில், கணக்கெழுதும் கிராணி வைத்ததுதான் சட்டம். வீரமுத்து கொடுத்த ஒரு மூட்டை உப்புக்கு அவர் இடம் காட்டினார். பஞ்சாலையின் ஜன்னலுக்கு நேரெதிரே, பழைய கக்கூஸை இடித்துவிட்டு வீட்டை நிறுத்தினார்கள்.

“மூத்தவங்க நீங்கதான் பால் காய்ச்சணும்” என்று நீலாவதி கையைப் பிடித்து இழுத்துப் போனாள். பசும்பாலுக்கு எங்கே போவது, தேங்காய்ப்பால்தான். அது பொங்கி வழிந்தபோது லயமே கூவியது.

“மண்ணைப் பத்தி டோரினம்மா உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலையாக்கா?”

“இல்லையே.”

“அதுவும் நல்லதுக்குத்தான். தெரிஞ்சிருந்தா வாங்கியிருப்பேனா?”

அன்று சாயங்காலம் பஞ்சாலை தன் ஜன்னலின் குறுக்கே ஒரு சாக்கை ஆணியடித்து மாட்டினாள். நல்ல துணி கிடைக்காத காலம். சாக்கில் ஓட்டைகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் எதிர் ஜன்னலின் பச்சை தெரிந்தது.