சிட்டு விட்டுப்போன லிங்க்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். கண், காது, மூக்கு வைத்துச் சொல்லும் பழக்கம் எனக்கில்லை.

கார்ட்டூன் படம் எடுக்கும் சின்ன ஸ்டூடியோ எங்களுடையது. சர்வரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. போன வருடம் எங்கள் முதலாளி அவசரத்தில் ஒரு முழுப் படத்தையே அழித்துவிட்டு, பழியைத் தூக்கி எடிட்டர் சிட்டுவின் தலையில் போட்டார். அவளுக்கு வேலை போனது. வேறு எங்கும் சேர்க்கவில்லை. கொஞ்ச நாளில் உயிரையும் விட்டாள்.

இந்த வருடம் ஒரு நாள் சாயங்காலம் முதலாளி என் அறைக்கு வந்தார். மறுநாள் அவருடைய புதுப் படத்தை ஒப்படைக்க வேண்டும். அது போனால் ஸ்டூடியோவும் போச்சு.

"சிட்டு ஃபோல்டர்ல ஏதோ ஒரு லிங்க் கிடக்கு. தூக்கிடு."

லிங்க் என்பது வேறொரு ஃபோல்டர் இருக்கும் இடத்தைக் காட்டும் வெறும் கைகாட்டிப் பலகை. பலகையைப் பிடுங்கினால் வீட்டுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அழிக்கும்போது பெயரின் கடைசியில் ஒரு சாய்கோடு விழுந்துவிட்டால், பலகை நிற்கும்; வீடு காலியாகும். போன வருடம் முதலாளி செய்தது அதுதான்.

அழித்தேன். 'அப்படி ஒரு ஃபைல் இல்லை' என்று பிழை வந்தது. பட்டியலைப் பார்த்தால்... இருந்தது.

உரிமையாளர் என்ற இடத்தில் 'சிட்டு'. அவள் கணக்கை நானே நீக்கியிருந்தேன். நீக்கிய கணக்குக்கு வெறும் எண்தான் வரும். பெயர் வராது.

மறுபடி அழித்தேன். மறுபடி இருந்தது. முன்பு அது எதையும் காட்டவில்லை. இப்போது முதலாளியின் புதுப் படத்தைக் காட்டியது.

டக்... டக்...

பக்கத்து அறையில் கீபோர்டு சத்தம். கண்ணாடி வழியே பார்த்தேன். சிட்டுவின் மேஜை. ஆள் இல்லை. அங்கே கீபோர்டும் இல்லை.

"வேணாம் சார். நாளைக்குப் பாத்துக்கலாம்."

"ஒரு லிங்க்க அழிக்கத் தெரியல, உனக்கெல்லாம் ஒரு வேலை. தள்ளு."

அவரே தட்டினார். அவர் விரல்களையே பார்த்தேன். பெயரோடு நிறுத்தினார். சாய்கோடு இல்லை. சத்தியம்.

டக்.

அவர் விரல் அந்தரத்தில் இருந்தது. திரையில் சாய்கோடு.

டக்.

மணி 7.42. படம் இல்லை.

முதலாளிக்கு வேர்த்துவிட்டது. ஆனாலும் சிரித்தார். "வீட்ல பேக்கப் இருக்கு. பீரோவுல."

முந்தின நாள்தான் அந்த ஹார்ட் டிஸ்க்கில் முழுப் படத்தையும் போட்டுப் பார்த்தாராம். என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அவர் மனைவி கதவைத் திறந்தார்.

"பீரோவுக்குள்ள எலி பூந்திருச்சு போலங்க. டக்கு டக்குன்னு ஒரே சத்தம்."

பீரோ பூட்டியிருந்தது. சாவி முதலாளியின் சட்டைப்பையில். ஹார்ட் டிஸ்க்கை எடுத்து என் லேப்டாப்பில் மாட்டினேன்.

படம் இல்லை. ஒரே ஒரு லிங்க்.

உரிமையாளர்: சிட்டு.

முதலாளி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பாவமாக இல்லை. பயமாகத்தான் இருந்தது.

அந்த லிங்க் உருவான நேரம் 7.42. ஹார்ட் டிஸ்க் பூட்டிய பீரோவுக்குள், எந்த வயரும் இல்லாமல் கிடந்த நேரம்.