மழுங்கிய விளிம்பு

நாட்காட்டிக்கு வந்த நிலாப் படத்தைத் திரையில் பெரிதாக்கினேன். விண்கல் மோதி உண்டான பழைய பள்ளம். விளிம்பு மழுங்கி, அடி தூர்ந்து, சுற்றிலும் அம்மைத் தழும்புகளாய்ச் சின்னக் குழிகள். பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

விஸ்வநத்தத்தில் எங்கள் தெருவுக்குப் பின்னால் இப்படியொரு பள்ளம் உண்டு. பட்டாசுக் கம்பெனியின் மருந்து அறை வெடித்த இடம். அம்மாவின் தங்கை அங்கேதான் செத்தாள். பிறகு பெய்த மழையில் அலுமினியப் பொடி மினுங்கிக்கொண்டு தண்ணீர் தேங்கியது. கந்தக வாடை எங்கள் சோறு வரைக்கும் ஏறியது.

வெடித்த வாரமே, வாக்குமூலம் எழுதி வாங்க, போர்மேன் வெள்ளைத்தாளோடு வீட்டுக்கு வந்தார். அப்பாவுக்கும் அதே கம்பெனியில்தான் வேலை. வீட்டில் எழுதத் தெரிந்தவள் ஆறாம் வகுப்புப் படித்த நான் மட்டும்.

“தாயி, நிலாவுல பள்ளம் எப்படி வந்துச்சு? பள்ளிக்கூடத்துல சொல்லிக்குடுத்தாகளா?” என்று என்னைக் கேட்டார் போர்மேன்.

“மேலருந்து கல்லு விழுந்துச்சு” என்றேன், பெருமையாக.

“அம்புட்டுத்தான். இங்கனயும் மேலருந்துதான் விழுந்துச்சு. இடின்னு எழுது. மருந்துன்னு எழுதுனா கம்பெனிய மூடிருவாக.”

“அன்னைக்கு மேகமே இல்லயே!” என்றாள் அம்மா.

“சும்மா இரு. தீவாளி சீசன் நேரம்” என்றார் அப்பா.

எழுதினேன். அப்பா கைநாட்டு வைத்தார்.

“எழுத்து அச்சடிச்ச மாதிரில்லா இருக்கு!” என்று போர்மேன் என் கன்னத்தைக் கிள்ளினார். வெட்கமே இல்லாமல் நான் சிரித்தேன்.

“மேடம், படத்துக்குக் கீழ ஒரு வரி எழுதிக் குடுங்க. நீங்க எழுதுனாத்தான் நல்லாருக்கும்” என்று அச்சகத்துப் பையன் என் மேசை முன் வந்து நின்றான். எழுந்துபோய் முதலில் கை கழுவினேன்.