மச்சத் தொட்டி

குசினிக்குப் பின்னால் ஒரு சீமெந்துத் தொட்டி இருக்கிறது. நான் கட்டியது. எனக்கு மேசன் வேலை தெரியாது. தொட்டியைப் பார்த்தாலே அது விளங்கும். ஒரு பக்கம் சரிவு. ஆனால் ஒழுகாது.

கடல் ஊருக்குள் வந்த வருடம் எங்கள் கிணறு உப்பாகிப் போனது. எங்கள் ஊர் சாம்பல்தீவில் பல கிணறுகள் அப்படித்தான். பவுசர் லொறியில் தண்ணீர் வரும். மனைவி குடத்தோடு நிற்பாள், நான் பிளாஸ்டிக் கானோடு நிற்பேன். எங்களுக்கு முன்னால் நிற்பவரோடு பவுசர் காலியாகிவிடும். இது ஒருமுறை நடந்ததல்ல. அதற்குப் பிறகுதான் தொட்டியைக் கட்டினேன். கூரையில் பீலி போட்டேன். மழைத் தண்ணீர் பீலி வழியாக வந்து தொட்டியில் விழும்.

பிறகு பைப் தண்ணீர் வந்தது. மனைவி தொட்டியை இடிக்கச் சொன்னாள். உடுப்புக் காயப்போட இடம் போதாதாம். நான் இடிக்கவில்லை. பைப் தண்ணீரை வேறு யாரோ வேறு எங்கேயோ இருந்து திறந்துவிடுகிறார்கள். அவர்கள் திறக்காவிட்டால் நான் யாரைப் போய்க் கேட்பது?

டெங்கு பரவிய காலத்தில், நுளம்பு பெருகும் இடம் தேடிச் சுகாதாரப் பரிசோதகர் வீடு வீடாக வந்தார். தொட்டிக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தார்.

"ஐயா, இது தண்ணித் தொட்டியோ, நுளம்புப் பண்ணையோ?"

"தண்ணித் தொட்டி."

"உள்ளுக்குப் பாருங்கோ, குடம்பி துள்ளுது. வழக்குப் போடலாம், தெரியுமோ?"

"தெரியாது."

"இப்பவே ஊத்துங்கோ எல்லாத்தையும்."

"ஏலாது."

அவர் என்னைப் பார்த்தார். நான் தொட்டியைப் பார்த்தேன். மனைவி தேத்தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள். அதைக் குடித்த பிறகு அவருடைய குரல் கொஞ்சம் இறங்கியது.

"அப்ப மூடி போடுங்கோ. இல்லாட்டி மீன் விடுங்கோ. குடம்பியை மீன் தின்னும். நான் திரும்ப வந்து பார்ப்பன்."

மூடி செய்யத் தகரம் வேண்டும். மீன் என்றால் என்னுடைய தொழில். மீன் விடுவது என்று முடிவு செய்தேன்.

ஆனால் கடல் மீன் நல்ல தண்ணீரில் நிற்காது. கிண்ணியாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி வரும் வியாபாரி ஒருவர் இருக்கிறார். என்னைவிட இளையவர். என் மீனை வாங்கி விற்பவர். குளத்து மீனும் கொண்டு திரிவார். அவரிடம் கேட்டேன்.

"தம்பி, உசிரோட ஒரு குளத்து மீன் வேணும்."

"அண்ணே, நீங்க என்னட்ட மீன் கேக்கிறீங்க. இத நான் ஊருல போய்ச் சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டான்."

"கொண்டு வருவியோ, இல்லையோ?"

"கொண்டு வாறன். என்ன, பொரிக்கவா, கறிக்கா?"

"நுளம்புக்கு."

அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். "நுளம்புக்கு எப்பிடிச் சமைக்கிற?" என்று கேட்டார்.

உள்ளங்கை அளவில் ஒரு திலாப்பியா வந்தது. தொட்டியில் விட்டேன். மழைக்குத் தொட்டி நிரம்பினால் வெளியே போய்விடும் என்று மேலே பழைய வலைத் துண்டு ஒன்றைக் கட்டினேன். சில நாட்களில் ஒரு குடம்பியும் இல்லை. பரிசோதகர் வந்தார், டோர்ச் அடித்தார், தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

மீன் வளர்ந்தது. மிச்சச் சோறு போடுவேன். கடலுக்குப் போகாத நாட்களில் தொட்டியடியில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பொரித்தால் எப்படி இருக்கும் என்று நினைத்ததுண்டு. வாய்விட்டுச் சொன்னதில்லை.

கார்த்திகை மாதம் பிள்ளையார் கதை விரதம் தொடங்கியது. இருபத்தொரு நாள். மனைவி ஒவ்வொரு வருடமும் பிடிப்பாள். கோயிலுக்குப் போய் இடது கையில் காப்பு நூல் கட்டிக்கொண்டு வருவாள். ஒரு நேரச் சாப்பாடு. அந்த நாட்களில் வீட்டுக்குள் மச்சம் வரக்கூடாது. மீன், இறைச்சி, முட்டை எல்லாம் எங்களுக்கு மச்சம். நான் பிடிக்கிற மீனைக் கடற்கரையிலேயே விற்றுவிட்டு, தலையில் தண்ணீர் ஊற்றித் தோய்ந்த பிறகுதான் வீட்டுக்குள் கால் வைப்பேன்.

காப்புக் கட்டிய அன்றே அவள் தொட்டிக்கு ஒரு சட்டம் போட்டாள்.

"அது மச்சத் தொட்டி. விரதம் முடியுமட்டும் அந்தத் தண்ணியில நான் சட்டி கூடக் கழுவ மாட்டன்."

பைப்பில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அதனால் அந்தச் சட்டத்தால் இடைஞ்சல் இல்லை.

விரதம் பாதியில் நிற்கும்போது புயல் வந்தது. வேலி போனது. பீலி ஒரு பக்கம் கழன்று தொங்கியது. வெள்ளம் முற்றத்தில் என் முழங்கால் வரை நின்றது, வீட்டுக்குள் ஏறவில்லை. கிணறும் கக்கூஸ் குழியும் ஒரே தண்ணீருக்குள் கிடந்தன. பைப் நின்றது. ரோட்டு உடைந்து கிடந்ததால் பவுசரும் இல்லை. பிறகு மழை விட்டு வெயில் எறித்தது. வெள்ளம் மட்டும் போகவில்லை.

தொட்டியின் சுவர் என் நெஞ்சு உயரம். வெள்ளம் அதற்குள் போகவில்லை. தண்ணீர் தெளிவாக நின்றது. மீனும் நின்றது.

அயலவர்கள் குடத்தோடு வந்தார்கள். மனைவி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வெள்ளத்தில் நின்று எல்லோருக்கும் அள்ளிக் கொடுத்தாள். கொதிக்க வைத்துக் குடிக்கச் சொன்னாள். அவள் மட்டும் குடிக்கவில்லை.

போத்தல்களில் பிடித்து வைத்த பைப் தண்ணீர் முடிந்தது. விழுந்து கிடந்த இளநீரும் முடிந்தது. போன வருடம் அவளுக்குச் சிறுநீரகத்தில் கல் என்று ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், குறைத்தால் திரும்ப வரும் என்று டொக்டர் சொல்லி அனுப்பினார். அப்போது அவள் வலியில் நிலத்தில் உருண்டதை நான் பார்த்தேன். ஓட்டோவில் கொண்டு போனேன். இப்போது ஓட்டோ ஓட ரோட்டு இல்லை.

அவள் இடுப்பில் கை வைக்கத் தொடங்கினாள். நான் தொட்டித் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆற வைத்து, கொண்டு போய்க் கொடுத்தேன்.

"குடி."

"ஏலாது. மச்சத் தண்ணி."

"கொதிக்க வைச்சது."

"மீன் கிடந்த தண்ணியைக் கொதிக்க வைச்சால் அது சொதி."

பக்கத்து வளவு அக்கா குடத்தோடு நின்றா. அவவும் சொல்லிப் பார்த்தா.

"இஞ்சேர் தங்கச்சி, கோயில் கேணிக்குள்ளையும் மீன் கிடக்குதுதானே. அந்தத் தண்ணியிலதானே பிள்ளையாருக்கு அபிஷேகம்?"

"அது பிள்ளையாரின்ட மீன் அக்கா. ஒருத்தரும் தொடாயினம். இது இவரின்ட மீன். இவர் அதைப் பார்க்கிற பார்வையை நீங்கள் காணேல்லையோ?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தா.

"கண்டிருக்கிறன்," என்றா.

நான் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். அவள் சொன்னதில் பிழை இல்லை. மீனைக் கேணிக்குக் கொண்டு போகலாம் என்றால், கோயில் வீதியிலும் வெள்ளம்.

"அப்ப இதையும் பிள்ளையாருக்குக் குடுப்பம்," என்றேன். "இங்கையே இருக்கட்டும். அவரின்ட மீனாய் இருக்கட்டும்."

அவள் யோசித்தாள். இடுப்பிலிருந்து கையை எடுக்கவில்லை.

"தோஞ்சிட்டு வாங்கோ."

தோய வேறு தண்ணீர் இல்லை. வெள்ளத்திலேயே முங்கி எழும்பினேன். அவள் தொட்டிச் சுவரில் கற்பூரம் வைத்துக் கொளுத்தினாள். ஈரத்தில் இரண்டு தரம் அணைந்தது.

"சொல்லுங்கோ."

"என்ன சொல்ல?"

"இது உனக்கு, நான் தின்ன மாட்டன் எண்டு சொல்லுங்கோ."

"இது உனக்கு. நான் தின்ன மாட்டன்."

"பொரிக்கவும் மாட்டன்."

"தின்னாட்டி நான் ஏன் பொரிக்கிறன்?"

"சொல்லுங்கோ."

"பொரிக்கவும் மாட்டன்."

"விக்கவும் மாட்டன்."

அதை நான் யோசித்திருக்கவில்லை. சொன்னேன்.

அக்கா கும்பிட்டா. மீன் கீழே போய் மூலையில் நின்றது.

மனைவி கிண்ணத்தை எடுத்தாள். குடித்தாள். இன்னொன்று கேட்டாள். நான் அடுப்படிக்கும் அவளுக்கும் இடையில் நடந்துகொண்டே இருந்தேன். அன்று முழுக்க அவள் குடித்தாள். அடுத்த நாள் இடுப்பில் கை இல்லை. குசினிக்குள் என்னை ஏசிக்கொண்டு நின்றாள். தேயிலைப் பேணியை நான் இடம் மாற்றி வைத்துவிட்டேனாம்.

ரோட்டைத் திருத்தின பிறகு பவுசர் வந்து ஹோர்ன் அடித்தது. சனம் ஓடியது. நான் கானை எடுத்தேன்.

"எங்க போறீங்கள்?"

"தண்ணிக்கு."

"எங்களிட்ட இருக்குத்தானே. இல்லாத சனம் எடுக்கட்டும்."

கானைத் திரும்ப வைத்தேன். தொட்டியை இடிக்கிற கதையை அவள் பிறகு எடுக்கவில்லை. உடுப்பு இப்போது வேலியில் காய்கிறது. வேலியை நான் திரும்பக் கட்டிவிட்டேன்.

வியாபாரி வந்தால் இன்னும் கேட்பார்.

"அண்ணே, என்ட மீன் பெருத்திட்டா? ஒரு சட்டி வருமா?"

"அது பிள்ளையாரின்ட."

"நான்தானே கொண்டு வந்து தந்த?"

"பிள்ளையாரிட்டக் கேள்."

மாரி மழைக்கு முன்னால் தொட்டியைக் கழுவ வேண்டும். அப்போது மீனை ஒரு பெரிய வாளியில் விட்டு முற்றத்தில் வைப்போம். அது இப்போது என் முழங்கை நீளம். வாளிக்குள் வளைந்துதான் நிற்கும். அயலில் ஒரு பூனை இருக்கிறது. மனைவி தொட்டிக்குள் இறங்கித் தேய்ப்பாள். நான் ஒரு கதிரையைப் போட்டு, கையில் தடியோடு, பூனை வராமல் வாளிக்குக் காவல் இருப்பேன்.

தொட்டிக்குள்ளிருந்து அவளுடைய குரல் வரும்.

"பூனையைப் பாருங்கோ. மீனைப் பாராதேங்கோ."