அறுபத்திரண்டு எலுமிச்சை மரங்கள்

ஆறுமுகத்தாயின் வலது கையில் மூன்று விரல்கள்தான். மற்ற இரண்டும் எழுபத்தெட்டாம் வருஷம் பங்குனியில், பனவடலிசத்திரத்துக்கு மேற்கே அவளுடைய தோட்டத்திலேயே விழுந்தன. ஊரில் சிலர் அவளைக் கொலைகாரி என்பார்கள். அவள் யாரையும் கொல்லவில்லை. கொல்லத்தான் நினைத்தாள், கை வாகாக விழவில்லை.

பிள்ளை இல்லாத அவளும் புருஷன் மூக்காண்டியும் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து அறுபத்திரண்டு எலுமிச்சை மரங்களை ஆளாக்கியிருந்தார்கள். புளியங்குடி சந்தையில் அவர்கள் மூட்டைக்குத் தனி மதிப்பு. பக்கத்துப் பொட்டலில் சுண்ணாம்புக்கல் வெட்ட ஒருவர் அரசாங்கக் குத்தகை எடுத்ததும் சனியன் பிடித்தது. அங்கிருந்து லாரி வெளியே வர இவர்கள் தோட்டம்தான் வழி. குத்தகைக்காரர் நஷ்டஈட்டைக் கட்டிவிட்டால் நிலத்துக்காரன் வழி மறிக்கக் கூடாது என்று சட்டம் சொன்னது. எவ்வளவு என்று மதிப்புப் போட ஓர் அதிகாரி மாசி மாதம் வந்தார்.

அது மரத்தை வாடப்போடும் மாதம். தண்ணீரை ஒரு மாதம் அடியோடு நிறுத்தி, இலை சுருண்டு உதிரும் நேரத்தில் மடை திறந்தால் மரம் பூத்துக் குலுங்கும். சந்தையில் காய் அருகிப்போன சமயத்தில் நம்மிடம் காய் இருக்கும். புளியங்குடிப் பக்கம் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் இது தெரியும். அதனாலேயே அதிகாரிக்கும் தெரிந்திருக்கும் என்று மூக்காண்டி நினைத்துவிட்டான், பாவம். தண்ணீர் இல்லையா என்று அவர் கேட்டதற்கு, "தண்ணி விடல சார், நிறுத்தி ஒரு மாசமாச்சு" என்று பெருமையோடு சொன்னான். அவர் எழுதிக்கொண்டார். இவன் கைநாட்டு வைத்தான்.

கடிதம் வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. நீரின்றிப் பட்டுப்போன மரங்கள், மதிப்பில்லை, நஷ்டஈடு கிடையாது என்று இருந்தது. அதற்குள் மடை திறந்து மரமெல்லாம் அரும்பு கட்டியிருந்தது. மறுபடி வந்து பாருங்கள் என்று மூக்காண்டி மனுவோடு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினான். ஒருவரும் வரவில்லை. வந்தது குவாரி மேஸ்திரி காசிராஜன், கோடாலியோடு எட்டு ஆட்களும் ஒரு லாரியும்.

"ஆர்டர் இருக்கு வே. வழிய விடுதீரா, மேல ஏத்தவா?" என்றான் காசிராஜன்.

மூக்காண்டி லாரிக்கு முன்னால் படுத்தான். காலைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள். எழுந்து ஒருவன் சட்டையைப் பிடித்தான். பின்னாலிருந்து கடப்பாரை மண்டையில் இறங்கியது. சத்தமே இல்லாமல் வாய்க்காலில் குப்புற விழுந்தவனை விட்டுவிட்டு மரத்தை வெட்டப் போனார்கள், அந்தப் பாவிகள். ஆறுமுகத்தாய் ஓடிப்போய் ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்தாள். ஓங்கிய கோடாலி நிற்கவில்லை. விரல்கள் போனதை அவள் அப்போது உணரவே இல்லை. இடது கையில் அரிவாளை எடுத்துக் காசிராஜனின் கழுத்துக்குக் குறிவைத்து வீசினாள். அது தோளில் இறங்கி எலும்பில் மாட்டிக்கொண்டது. பூத்திருந்த கிளைகள் மேலெல்லாம் ரத்தம்.

மூக்காண்டி வாய்க்காலிலேயே செத்துப்போனான். கடப்பாரை யார் கையில் இருந்தது என்பது நிரூபணம் ஆகவில்லையாம். காசிராஜனும் எட்டுப் பேரும் விடுதலையாகி வெளியே வந்தார்கள். அவளுக்கு மூன்று வருஷம் ஜெயில். மரம் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அவள் போட்ட நஷ்டஈட்டு வழக்கு எண்பத்துமூன்றில் முடிந்தது. மரம் உயிரோடு இருந்ததற்கு என்ன அத்தாட்சி என்று கோர்ட் கேட்டது. சங்கரன்கோவில் வக்கீல் ராஜதுரை பழைய கேஸ் கட்டைப் புரட்டி, அவளை ஜெயிலுக்கு அனுப்பிய, தோட்டத்தில் கைப்பற்றியதையெல்லாம் பட்டியல் போட்ட போலீஸ் மகஜரையே எடுத்து நீட்டினார். ரத்தக்கறை படிந்த, பூவும் பிஞ்சும் உள்ள பச்சை எலுமிச்சைக் கிளைகள் நான்கு என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. வழக்கு ஜெயித்தது.

வக்கீல் சந்தோஷமாகச் சொன்னதை அவள் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வெட்டிச் சாய்ச்ச பெறகுதான வக்கீலய்யா, அது பச்சை மரம்னு எழுதுதாவ" என்றாள். தொகையை வாங்கிக்கொள்ள அவளுடைய கைநாட்டைக் கேட்டார்கள். வலது கையில் இருந்த மூன்றில் ஒன்றை மையில் தொட்டு வைத்தாள்.