தகடு தேய்க்கப் படித்தவர்கள்

கொதிகலன் பழுதுபார்க்கும் அந்தப் பட்டறையில் அழுத்தக் குழாயை வெல்டிங்கில் ஒட்டத் தெரிந்தவர் ஃபோர்மேன் ஒருவர்தான். பட்டறை அவருடைய அக்காவுடையது. இப்போது ஃபோர்மேனுக்கு வலக்கண்ணில் அழுத்தம் கூடிவிட்டது. அறுவைச் சிகிச்சையை இனியும் தள்ளிப்போட்டால் இருக்கிற பார்வையும் போய்விடும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அதன்பிறகு மாதக்கணக்கில் வெல்டிங் பக்கமே போகக் கூடாது.

"நீ படுத்துட்டா குழாயை யார் ஒட்டுறது?" என்றாள் அக்கா. "என் வீட்டுக்காரரா? ஸ்டூல் கால் ஆடினாலே ஆள் தேடுற மனுஷன்."

பயிற்சி நிலையத்தில் வெல்டிங் முடித்த மூன்று பேரை எடுத்தார்கள். ஒருத்தி தையல் ஆலையை விட்டு வந்தவள், முப்பது வயது, இரண்டு குழந்தைகளுக்குத் தாய். ஃபோர்மேன் ஒரு குழாயைத் தலைக்கு மேலே மாட்டி, அடிப்பக்கத்தை ஒட்டச் சொன்னார். மூவர் கையிலும் உருகிய உலோகம் மெழுகாகச் சொட்டியது. தப்பை எடுக்கச் சொன்னதும் கிரைண்டரை வாங்கி, அங்கே வெல்டிங் நடந்த சுவடே தெரியாமல் இழைத்துக் கொடுத்தார்கள்.

"இதை மட்டும் இவ்வளவு சுத்தமா எங்கேம்மா கத்துக்கிட்ட?"

"பயிற்சி நிலையத்துலதாண்ணே. அங்கே தகடு கம்மி. முந்தின பேட்ச் ஒட்டினதை நாங்க தேய்ச்சு எடுக்கணும். எங்களோடதை அடுத்த பேட்ச் தேய்க்கும்."

"அப்ப ஒட்டுறது எப்போ?"

"நேரம் மிஞ்சினா."

மறுநாள் ஃபோர்மேன் பயிற்சி நிலையத்துக்கே போய்ப் பயிற்றுநரிடம் சத்தம் போட்டார். அவர் அசரவில்லை. "ஆள் வேணும்னு வாரம் ஒரு முதலாளி வந்து நிக்கிறாரு. ஒருத்தராவது கையில ஒரு துண்டு இரும்போட வந்தீங்களா?"

ஃபோர்மேனும் வெறுங்கையோடுதான் போயிருந்தார்.

திரும்பி வந்து, பழகுவதற்குப் புதுக் குழாய் கேட்டார். அக்கா மறுத்தாள். "நல்ல குழாயை வெட்டிப் பாழாக்கவா? கத்துக்கிட்டதும் பக்கத்துப் பட்டறைக்காரன் கூப்பிடுவான், போயிடுவாங்க. நான் அவனுக்கு ஆள் தயார் பண்ணித் தரணுமா?"

அவள் சொன்னதில் பொய் இல்லை. பக்கத்துப் பட்டறைக்காரரும் அவளைப் பற்றி இதையேதான் சொல்லிக்கொண்டிருப்பார். தேர்ந்த ஆள் கிடைப்பதில்லை என்று எல்லோரும் சலித்துக்கொள்கிறார்கள். ஆளைத் தேற்றுவது யார் வேலை என்று கேட்டால் ஒவ்வொருவரும் அடுத்தவரைப் பார்க்கிறார்கள். கெட்ட எண்ணம் யாரிடமும் இல்லை. அதுதான் எரிச்சலூட்டுகிறது, திட்டுவதற்குக்கூட ஒருவர் அகப்படுவதில்லை.

ஃபோர்மேன் வெல்டிங் முகக்கவசத்தைக் கழற்றி அக்காவின் மேஜையில் வைத்தார். "குழாய் கொடுத்தா சொல்லிக் கொடுக்கிறேன். இல்லேன்னா இன்னையிலிருந்து நானும் ஒட்டப்போறதில்ல. எனக்குக் கண்ணு வேணும்கா."

"மிரட்டுறியா?"

"ஆமா."

அவள் கிடங்குச் சாவியை மேஜையில் போட்டாள். "வெட்டு. கடைசியில என்னையும் வெட்டிப் போட்டுப் பழகச் சொல்லு."

அடுத்த வாரங்களில் பட்டறையில் குழாய்த் துண்டுகள் குவிந்தன. ஃபோர்மேன் பொறுமைசாலி அல்ல. "கையைப் பார்க்காத, உருகுறதைப் பாரு" என்று ஒரே வாக்கியத்தைத் தொண்டை கட்டும்வரை கத்தினார். ஒருவன் திட்டு தாங்காமல் நின்றுவிட்டான். இன்னொருவன் அக்கா சொன்னபடியே பக்கத்துப் பட்டறைக்குப் போனான். தையல்காரி மட்டும் தொடர்ந்து வந்தாள். அவள் ஒட்டுவது சுமாராக இருந்தது. சுமாருக்கு மேல் வருமுன்பே சிகிச்சை நாள் வந்துவிட்டது.

மருத்துவமனையில் கண்கட்டோடு படுத்திருந்தவருக்கு அக்காவின் போன் வந்தது. ஒரு சலவை ஆலையில் குழாய் வெடித்திருந்தது.

"யாரு ஒட்டுறது?"

"அவதான். வேற யாரு இருக்கா?"

"தண்ணி ஏத்திப் பார்த்தீங்களா?"

"பார்த்தோம். ஒரு இடத்துல கசியுது."

"நான் வரட்டுமா?"

அக்கா போனைத் தள்ளிப்பிடித்து யாரிடமோ ஏதோ கேட்டாள். பிறகு சொன்னாள்: "வேண்டாமாம். எங்கே தப்புன்னு அவளுக்கே தெரியுதாம். திரும்ப ஒட்டுறா. நீ பேசாம படு."